“சைடுல சைலன்சர் வெச்சா கெத்துதானேக்கா?” - கெங்கவல்லி டு நாமக்கல், ஒரு கார், ஒரு குழாய், பல கேள்விகள்!

ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் யோசிக்காமல் உட்கார்ந்துவிடுங்கள். டவுன் எல்லையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரவள்ளிக்கிழங்குக் காடு. நடுநடுவே பாக்குத் தோப்பு, மக்காச்சோளம், பருத்தி. தூரத்தில் ஒருபக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. இரண்டு மலைக்கும் நடுவே விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கிறது இந்தச் சமவெளி.

கெங்கவல்லி, சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி. தாலுகா தலைநகர், தனித் தொகுதி. கொல்லிமலையில் பிறந்து தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதி இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு வீரகனூர் பக்கம் போகிறது. ‘வெள்ளை ஆறு’ என்று அர்த்தம். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது, வெறும் வெள்ளை மணல்தான். அதனால்தான் அந்தப் பேரோ என்று உள்ளூர்க்காரர்களே கிண்டல் செய்கிறார்கள்.

இந்த ஊரில் சித்தி வீடு. சித்தப்பா 25 வருடம் நாமக்கல் லாரிகளில் டிரைவராக இருந்தவர். இப்போது இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறார். அவர் மகன், என் தம்பி, ஆத்தூரில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். 2011 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, உயிராக வைத்திருக்கிறான். டி.என்-77, ஆத்தூர் வண்டி.

கிழங்கு பிடுங்கி மில்லுக்குப் போட்ட காசில் தம்பியின் பங்காகக் கொஞ்சம் கைக்கு வந்திருக்கிறது. காரின் பின்னால் இருக்கும் சைலன்சரும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எப்படியும் மாற்றியாக வேண்டும். “அதையே ஏங்க்கா மாத்தணும்? குழாயைப் பாதியிலேயே திருப்பி, சைடுல கதவுக்குக் கீழ விட்டுட்டா செம கெத்தா இருக்கும். சவுண்டும் சூப்பரா வரும். பட்டறையில கேட்டுட்டேன், இருபதாயிரத்துக்குள்ள முடிச்சுத் தர்றாங்களாம்” என்று ஆரம்பித்தான்.

வீட்டில் யாருக்கும் இதில் உடன்பாடில்லை. “நீதான் பத்திரிகையில இருக்கியே, நாலு பேரைக் கேட்டு அவனுக்கு எடுத்துச் சொல்லும்மா” என்று சித்தி சொல்ல, “கேட்டுட்டு வேணாம்னா விட்டுடறேன்” என்று தம்பியும் இறங்கி வந்தான். அந்த ஸ்விஃப்ட்டிலேயே கெங்கவல்லியிலிருந்து நாமக்கல் வரை ஒருநாள் பயணம் கிளம்பினோம்.

எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

பக்கவாட்டில் புகை விடும் கார்கள் ரேஸ் உலகத்தின் பிள்ளைகள். 1955-ல் இத்தாலியின் ‘மில்லே மிலியா’ ரேஸில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி ஜெயித்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் காருக்குக் குழாய்கள் பக்கவாட்டில்தான் இருந்தன. 1965-ல் அமெரிக்காவின் கார்வெட் கார், கம்பெனியிலேயே சைடு குழாயோடு விற்பனைக்கு வந்தது. ஷெல்பி கோப்ரா 427-ஐப் படத்தில் பார்த்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவதே அந்த நீளமான சைடு குழாய்தான். இன்றைக்கும் மெர்சிடிஸ் ஜி 63 ஏ.எம்.ஜி-யில் பின்கதவுக்குக் கீழேதான் புகைக்குழாய் எட்டிப் பார்க்கும். தம்பியின் போனில் வால்பேப்பராக இருப்பதும் அந்தப் படம்தான்.

ரேஸ் கார்களில் அப்படி வைக்கக் காரணம் உண்டு. குழாய் நீளம் குறைந்தால் எடை குறையும். காரின் அடிப்பக்கமும் பின்பக்கமும் காற்று சீராகப் போவதற்கு விட்டுவிடலாம். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் கழற்றி மாட்டுவதும் சுலபம். முக்கியமாக, ரேஸ் காரில் பின்சீட் கிடையாது. குழந்தை கிடையாது, பாட்டி கிடையாது. ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, ஓட்டம் முடிந்ததும் இறங்கிவிடுவார்.

நம்மிடமும் அந்தப் பாரம்பர்யம் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தவர்கள் இன்றும் அதைக் கதைகதையாகச் சொல்வார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் என்று ரேஸ் டிராக்குகள் வந்தன. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த டிராக்குகளில் எந்தக் குழாயை எங்கே வைத்தாலும் ரேஸ் விதிகள் பார்த்துக்கொள்ளும். கெங்கவல்லி கடைவீதி அப்படியில்லையே!

சைலன்சருக்குள் என்னதான் நடக்கிறது?

தம்மம்பட்டியில் காபிக்கு நிறுத்தினோம். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். உளிச் சத்தம் கேட்கும் தெருவைத் தாண்டி, முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் கொல்லிமலை கூடவே வருகிறது. அடுத்தது நாமகிரிப்பேட்டை. மஞ்சளுக்கும், நாகஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பெயருக்கும் அடையாளமான ஊர்.

நாகஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் சைலன்சரைப் புரிந்துகொள்வது சுலபம். நீளக் குழாய்க்கு ஒரு நாதம், குட்டைக் குழாய்க்கு ஒரு நாதம். காரிலும் குழாயின் நீளமும் அகலமும் மாறினால் சத்தத்தின் குணமே மாறும். நாகஸ்வரத்தின் வேலை சத்தத்தைக் கொண்டுவருவது, சைலன்சரின் வேலை அதை அடக்குவது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஜினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ‘டப் டப்’ என்று அலை அலையாக வருகிறது. வழியில் முதலில் இருப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்களை அது ஆபத்தில்லாத வாயுக்களாக மாற்றுகிறது. அது சரியாக வேலை செய்யப் பல நூறு டிகிரி சூடு வேண்டும். அதையொட்டி இருக்கும் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கிறது. அதன்பிறகு வரும் பெட்டிகள்தான் சைலன்சர். உள்ளே அறைகளும் ஓட்டைகளும் இருக்கும். புகை விரிந்து, முட்டி, திரும்பி, வேகம் குறைந்து வெளியே போகும்.

பின்னால் வரை போகவேண்டிய குழாயைப் பாதியில் திருப்பினால், கடைசிப் பெட்டிக்கு இடமிருக்காது. சின்னதாக ஒரு பெட்டி வைக்கலாம், அல்லது வெறும் குழாயாக விடலாம். வெறும் குழாய் என்றால் சத்தம் எகிறும். சின்னப் பெட்டி என்றால் வெளியே ஓரளவு அடங்கும். ஆனால், குறிப்பிட்ட வேகத்தில் காருக்குள் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் அதிர்வு கேட்டுக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஜாலியாக இருக்கும். சென்னை வரை ஓட்டினால் தலைவலி வந்துவிடும்.

“பவர் கூடும்னு சொல்றாங்களே?” என்றான் தம்பி. அவனுடையது 1.2 லிட்டர் இன்ஜின். கன்வெர்ட்டருக்குப் பின்னால் குழாயை மட்டும் மாற்றி இதில் கிடைக்கும் பவர், ஓட்டும்போது தெரியுமளவுக்கு இருக்காது. சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோலத் தோன்றும். தேவைக்கு மேல் அகலமான குழாய் போட்டால் குறைந்த வேகத்தில் இழுவையே குறையலாம். கன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. எடுத்தால் விஷ வாயு அப்படியே வெளியே வரும், புகைச் சான்றிதழும் கிடைக்காது.

லாரிகள் சொல்லித்தந்த பாடம்

ராசிபுரம் தாண்டி நாமக்கல் நெருங்கும்போது ரோடு முழுக்க லாரிதான். லாரி பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், கொஞ்சம் தள்ளித் திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் இந்தியா முழுக்கப் போர்வெல் போடும் ரிக் வண்டிகள். கனரக வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

டீக்கடை வாசலில் வரிசையாக நின்ற லாரிகளைத் தம்பிக்குக் காட்டினேன். பல லாரிகளில் புகைக்குழாய் வண்டியின் நடுப்பகுதியில், வலப்பக்கமாகத்தான் முடிகிறது. “பாத்தீங்களா, லாரிக்கே சைடுலதான் இருக்கு!” என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணன் விடவில்லை. “தம்பி, வலப்பக்கம் இருக்குல்ல? இடப்பக்கம் ஒண்ணாவது காட்டு பாப்போம்” என்றார்.

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில், விதி 112-ல் இதற்கான பதில் இருக்கிறது. பைக் போன்ற சில வண்டிகள் தவிர மற்றவற்றில் புகை கீழ்நோக்கியோ, இடப்பக்கமாகவோ போகக் கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்பது பொது விதி. நாம் ரோட்டின் இடதுபக்கம் வண்டி ஓட்டுகிறோம். நடந்து போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம்தான். அவர்கள் முகத்தில் புகை அடிக்கக் கூடாது.

விதி 113 இன்னும் நுணுக்கமானது. பெட்ரோல் டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் 35 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பட்டறையில் குழாயை வளைக்கும்போது டேப் வைத்து அளப்பவர்கள் எத்தனை பேர்? ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இதற்கும் மேல் கட்டுப்பாடு உண்டு. அவற்றின் புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பான் கட்டாயம். கேஸ் டேங்கர் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, சைடு சைலன்சர் என்றாலே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், காருக்கு வலப்பக்கம் என்றால் அது டிரைவர் பக்கம். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், குழாய் அவருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. ஸ்விஃப்ட்டில் கதவுக்குக் கீழே குழாய், கதவுக்கு மேலே திறந்த ஜன்னல். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உயரம்தான். சிக்னலில் நிற்கும்போதோ, ரிவர்ஸ் எடுக்கும்போதோ புகை உள்ளே வர அதிக நேரம் ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சொன்னபோது தம்பி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு ஏழு மாதம். ஆத்தூருக்கு டாக்டரிடம் போகும்போதெல்லாம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சித்தி உட்காருவது வலப்பக்க ஜன்னலோரம்தான்.

ஃபைன் எவ்வளவு?

வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே வாசித்தது. அதே வருடம் சட்டத்தில் திருத்தம் வந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவை மீறினால் பிரிவு 190(2)-ன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு.

தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். 2011 வண்டி என்பதால் அது முடிகிற நேரம். அடுத்த ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். சைடு குழாயோடு போனால் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். அப்போது பழைய மாதிரியே குழாய் போட மறுபடியும் செலவு. இருபதாயிரம் என்பது நாற்பதை நோக்கிப் போகும்.

சித்தப்பாவின் வலது காது

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சட்டமல்ல, சித்தப்பா. அவருக்கு வலது காது சரியாகக் கேட்காது. சாப்பிடும்போது யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்தால், முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுப்பார். பிள்ளைகள் அதைக் கவனிப்பதே இல்லை, பழகிவிட்டது.

“அப்போ வண்டிங்க இப்ப மாதிரி இல்லம்மா. ஜன்னல் திறந்துதான் ஓட்டணும். இன்ஜின் சத்தம், எதிர்ல வர்றவன் ஏர்ஹாரன், எல்லாம் இந்தக் காதுலதான். ராத்திரி பூரா கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, படுத்தப்புறமும் காதுக்குள்ள வண்டி ஓடிட்டேதான் இருக்கும்” என்றார். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் கேட்டால் காது பாதிக்கும் என்பதுதான் உலகம் முழுக்க வேலையிடங்களில் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு. அப்படிக் கெட்ட காது திரும்ப வருவதில்லை.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு என்கின்றன 2000-ம் வருடத்தின் ஒலி மாசு விதிகள். மருத்துவமனை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு இன்னும் குறைவு. கெங்கவல்லி மாதிரி ஊரில் இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு சைக்கிள் பெல் அடித்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

களத்து மேடும் கார் அடியும்

திரும்பி வரும்போது தம்மம்பட்டி தாண்டியதும் ரோட்டிலேயே கொள்ளுச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். நம் பக்கத்துக்கே உரிய காட்சி. களத்துக்குப் போகாமல் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வண்டிகளே மிதித்துத் தட்டிக் கொடுத்துவிடும். காய்ந்த செடி காரின் அடியில் உரசிக்கொண்டே போகும்.

இதை எந்த வெளிநாட்டு கார் வீடியோவும் சொல்லாது. புகைக்குழாய் இன்ஜினுக்குக் கிட்டே முடிய முடிய, வெளியே வரும் காற்றின் சூடு அதிகம். பின்னால் வரை போனால் வழியெல்லாம் ஆறிக்கொண்டு போகும். பாதியில், தாழ்வாக, கதவுக்குக் கீழே முடிகிற குழாய் காய்ந்த தட்டைக்கு மேல் நின்றால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஓடும்போதுகூடப் பரவாயில்லை. சோளத்தட்டைப் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தான் ஆபத்து. சித்தப்பா கார் நிறுத்துகிற இடமே தட்டைப்போர் பக்கம்தான். போதாக்குறைக்கு, ஊருக்கு ஊர் ஆள் உயரத்துக்கு ஸ்பீடு பிரேக்கர். குழாய் ஒருதடவை தட்டினாலே வெல்டிங் விட்டுப்போகும்.

கடைசியில் என்ன முடிவு?

தம்பி ஒரு பேப்பரில் இரண்டு பக்கமும் எழுதினான். வேண்டும் என்கிற பக்கத்தில் மூன்று: பார்க்க அழகு, சத்தம், ஊரில் யாரிடமும் இல்லாதது. வேண்டாம் என்கிற பக்கத்தில் ஃபைன், ஆர்.சி புதுப்பிப்பு, புகை, சூடு, ஸ்பீடு பிரேக்கர் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரியில் ‘அப்பா காது’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டான்.

ஆசையைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. பத்து மணி நேரம் கடையில் நின்று சம்பாதிக்கிற பையனுக்கு, தன் பேரைச் சொல்லும் ஒரு பொருள் ஊரில் இருக்க வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு? அந்த ஆசைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் கம்பெனி சைலன்சரே போட்டாகிவிட்டது. மிச்சக் காசில் முன்பக்கத்துக்கு இரண்டு புது டயர். சத்தம் கேட்க ஆசை வந்தால் கோவை டிராக்கில் ரேஸ் நடக்கும்போது ஒருநாள் போய்விட்டு வருவதாகத் திட்டம். “நீங்களும் வாங்கப்பா” என்று சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறான். “அங்க வந்தா எனக்கும் நல்லா கேக்கும்டா” என்றாராம் அவர்.

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால், கவனிக்க வேண்டியவை:

* பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள். “எல்லாரும் போடறாங்க சார்” என்பது அனுமதி ஆகாது.
* கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் இரண்டிலும் கை வைக்க விடாதீர்கள்.
* குழாய் இடப்பக்கம் வரவே கூடாது. பெட்ரோல் லைனிலிருந்து உள்ள இடைவெளியை நீங்களே அளந்து பாருங்கள்.
* மாற்றம் செய்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் பிரச்னை வரலாம்.
* எந்த சைலன்சராக இருந்தாலும், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். காருக்குள் புகை வாசனையோ, காரணமில்லாத தலைவலியோ வந்தால் உடனே ஜன்னலைத் திறந்து, வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள்.
* காய்ந்த புல், தட்டை, சருகுக்கு மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள்.